இனிப்பு வீடு

மார்கழி விடுமுறை தொடங்கிவிட்டால், "இன்றைக்கு என்ன செய்வது?" என்று சிறுவர் எம்மைச் சூழ்ந்துகொள்வது வழக்கம். சென்ற ஆண்டு அவ்வினாவுக்கு விடையாக எம் வீட்டில் எழுந்தது, ஓர் இஞ்சி ரொட்டி வீடு.

ஜேர்மனிய மக்கள் நத்தார் காலத்தில் இதனைச் செய்து வைப்பர். கிறிம் சகோதரர் 1812 ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையொன்றில், காட்டிலே வழிதவறிய அண்ணனும் தங்கையும் காணும் வீடு ரொட்டியாலானது. கூரை கேக்கு, சாளரம் சீனி. இஞ்சி பற்றிய பேச்சே அங்கில்லை. நூரம்பேர்க் நகரத்தார் தம் நத்தார்ப் பண்டத்தில் இடும் கறுவாவும் கராம்புமோ கீழைத்தேயச் சரக்குகள். ஆதலால் நமக்கு இது முற்றிலும் அந்நியமன்று.

மாவு பிசைந்து சுடும் பாடு பாலருக்கு ஏற்றதன்று. கடையில் விற்கும் சதுர விசுக்கோத்துகளே போதும். பால் வந்த சிறு அட்டைப்பெட்டியைக் கழுவி உலர்த்தி நடுவில் நிறுத்தி, அதன்மேல் ஒட்டினால் சுவர் சரியாது. பசைக்கு, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுடன் ஏறத்தாழ 200 கிராம் ஐசிங் சீனியும் சில துளி தேசிக்காய்ப் புளியும் சேர்த்து, கரண்டியினின்று வழியாத பதம் வரும்வரை அடிக்கவேண்டும். பச்சை முட்டைக்கு அஞ்சுவோர் (அஞ்சுவது நியாயமே) வெள்ளைக்கருத் தூளை நீரிற் கரைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தை ஈரத்துணியால் மூடாவிடின் பசை இறுகிவிடும். சுவர் ஒரு மணி நேரமாவது காய்ந்த பின்னரே கூரை.

இவ்விதிகளை நாம் கற்றது முதல் வீடு விழுந்தபின். பெட்டி வைக்கவில்லை, பொறுக்கவுமில்லை. ஐந்து வயது மகள் கூரையைக் கோணலாக வைக்கப்போக, "இப்படியல்ல" என்று அதை அவள் கையினின்றும் வாங்கி நாமே வைத்தோம். நேராகத்தான் வைத்தோம், நான்கு சுவர்களும் சரிந்தன. "அது அப்பாட வீடு, என்ர இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். இருபது ஆண்டு கரும்பலகை முன் நின்றவருக்கு அது நல்ல பிரம்படி.

மறுநாள் இரண்டாவது வீடு. நாம் பசை கலக்குவதோடு நின்றுகொண்டோம். கைகளைப் பின்னே கட்டிக்கொண்டிருப்பது எத்துணைக் கடினம் என்பதை அன்று அறிந்தோம். சுவர் முழுதும் முந்திரிகை வற்றல். வாசற்கதவோ கூரையில் ஏறியிருந்தது. வெள்ளம் வந்தால் மேலாலே வெளியேறலாமாம்!

எறும்புக்கு அஞ்சித் தட்டினை நீர்ப்பாத்திரத்தின் நடுவே வைத்தோம். மாரி ஈரத்தில் விசுக்கோத்து இளகுமாதலால், இரண்டொரு நாளில் உண்டுவிடுதல் நன்று. கூரைக்கதவை மட்டும் அவள் எவரையும் தொடவிடவில்லை.