கடிதம் ஆபீஸ் வரைக்கும் வந்தா போதுமா?

மலையகத்தில் பல லயங்களுக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம், தபாற்கந்தோர் என்று எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் வரும். அதற்குப் பிறகு எந்த லயம், எந்தக் காம்பரா என்பது ஆபீஸில் இருப்பவரின் ஞாபகத்தைப் பொறுத்தது. தபால்காரர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனாலும் கடிதம் போய்ச் சேரல.

தோட்டத்துப் பிள்ளைகளும் கோட் எழுதுற காலம் இது. நாம் கட்டும் இணையச் செயலிகளிலும் இதே ஓட்டை இருக்கு. அங்கே தபாற்கந்தோர் வேலையைச் செய்வது ரவுட்டர். வைஃபை பெட்டியைச் சொல்லல. ஒரு முகவரி வந்தால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தீர்மானிக்கும் நிரல் பகுதியைச் சொல்றோம்.

எலிக்சர் மொழியின் ஃபீனிக்ஸ் கட்டமைப்பு, 2023 பெப்ரவரியில் வந்த 1.7 பதிப்பில் ‘சரிபார்க்கப்பட்ட வழிகள்’ என்ற வசதியைத் தந்தது. இணைப்புக்கு முன்னால் ஒரு சின்னக் குறி போட்டால் போதும். நிரலைக் கம்பைல் செய்யும்போதே, அப்படியொரு வழி ரவுட்டரில் இல்லையென்றால் எச்சரிக்கை வரும். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் குறி, அந்த மாட்யூலில் முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரேயொரு ரவுட்டரிடம்தான் கேட்கும். செயலியில் இரண்டு மூன்று ரவுட்டர்கள் இருந்தால்?

நம்ம ஊரையே எடுத்துக்குவோம். 2018 உள்ளூராட்சித் தேர்தலோடு அம்பகமுவ பிரதேச சபை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றானது. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் பிரிந்தன. சபைக்கு ஒரு ரவுட்டராக ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாச் சபைக்கும் ‘முறைப்பாடு’ என்ற வழி இருக்கும். நோர்வூட்டுக்குப் போக வேண்டிய இணைப்பை, அம்பகமுவ ரவுட்டரைச் சொல்லிவைத்த மாட்யூலில் எழுதினால் என்ன ஆகும்? எச்சரிக்கையே வராது. வழி இருக்கு, தேறிடும். ஆனால் முறைப்பாடு போவது வேறு சபைக்கு.

உடைந்த இணைப்பை விட இது மோசம். உடைந்தது கண்ணுக்குத் தெரியும். தப்பான கதவைத் தட்டுவது யாருக்கும் தெரியாது.

இது சின்ன விஷயம் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. அத்தனை வருடம் மூடியிருந்த கதவு அது. பாதை உடைஞ்சிருக்கு என்று சொல்ல ஒரு அம்மா சபைக்கு நேரில் போனால் ஒரு நாள் பேர் போகும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளப்படி அது 1,350 ரூபாயாக இருந்தது.

‘எல்லாத்தையும் ஒரே ரவுட்டரில் போட்டா முடிஞ்சுதே’ என்று சிலர் சொல்வார்கள். சின்னச் செயலிக்கு அது சரி. பொறுப்புகள் பிரிந்திருக்கும் இடத்தில், பிரிவை மறைப்பது தீர்வு இல்லை. எங்கள் கருத்து இதுதான்: ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு இணைப்பிலும் போய்ச் சேர வேண்டிய ரவுட்டரின் பெயரை வெளிப்படையாக எழுத வேண்டும். ஃபீனிக்ஸின் ‘பாத்’ என்ற கட்டளை ரவுட்டரின் பெயரையும் வாங்கிக்கொள்ளும். வழியை அந்த ரவுட்டரிடமே சரிபார்க்கும். ஒரு சொல் கூடுதலாக எழுதணும், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு. ஒன்று, எச்சரிக்கையைப் பிழையாகக் கருதும்படி கம்பைலரிடம் சொல்லிவிடணும். இல்லாட்டி நூறு வரிகளுக்கு நடுவில் அதை யாரும் பார்க்க மாட்டாங்க. இரண்டு, வழி இருப்பதை மட்டும்தான் கருவி பார்க்கும். அந்த வழியில் கேட்கப்படும் பதிவு உள்ளே இருக்கா என்று பார்க்காது. தனித்தனியாக ஓடும் இரண்டு செயலிகளுக்கு நடுவேயும் அதற்குக் கண் இல்லை. அங்கே சோதனை எழுதி, உண்மையிலேயே திறந்து பார்க்கணும்.

அடுத்த முறை உங்கள் குழுவில் யாராவது ‘இணைப்பெல்லாம் சரிபார்த்தாச்சு’ என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்க: எந்த ரவுட்டரிடம்?