பல்லுக்கொழுக்கட்டைக்குப் பின்

குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் கொட்டுவது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சடங்கு. கொழுக்கட்டையிலே தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசைபோற் பதித்து அவித்து, குழந்தையை நடுவில் இருத்தித் தலைமேற் சொரிவர். பின்னர் ஏடு, எழுதுகோல், பொன் முதலியவற்றை முன்னே பரப்பி, குழந்தையின் கை எதனை நாடுகின்றது என்று சுற்றத்தார் அனைவரும் கழுத்தை நீட்டிப் பார்த்திருப்பர். எழுதுகோலை எடுத்தால் கல்விமான். பொன்னை எடுத்தால் செல்வந்தன். தகப்பனாருக்கு விருப்பமான பொருள் குழந்தையின் கைக்கு அண்மையில் வந்துவிடுவதும் உண்டு. அதனை யாரும் பெரிது படுத்துவதில்லை.

இவ்வளவு ஆரவாரத்துடன் வரவேற்கப்பட்ட அந்தப் பல்லை, விருந்தினர் கலைந்து சென்ற அன்றிரவே மறந்துவிடுகின்றோம். அதன்பின் அதைப்பற்றிய நினைவு வருவது பெரும்பாலும் பிள்ளை நோவினால் அழும்போதுதான். பரப்பி வைக்கும் பொருள்களோடு ஒரு சிறு தூரிகையையும் வைத்தாலென்ன என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. குழந்தை அதனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தாயார் அன்றே அதனைக் கையில் எடுத்தல் வேண்டும்.

“பாற்பல்லுத்தானே பிள்ளை, விழுந்து முளைக்கப்போறது. அதுக்கேன் உந்த அமளி?” என்று மருமகளைப் பார்த்து மாமியார் கேட்பார். விழுவது உண்மைதான், எப்போது விழுகின்றது என்பதே கேள்வி. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கும் பாற்பற்கள் இரண்டரை அல்லது மூன்று வயதளவில் இருபதாக நிறைகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடுகின்றன. பின்னேயுள்ள பாற்கடைவாய்ப்பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை நின்று உணவை அரைக்க வேண்டியவை. ஒரு துவிச்சக்கரவண்டியைப் பத்தாண்டு பாவிக்கப் போகின்றோமென்றால் அதற்கு எண்ணெய் விடாமலா இருப்போம்? அன்றியும், பின்னர் வரப்போகும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது பாற்பல்லே. அது காலத்துக்கு முன் சூத்தையாகிப் பிடுங்கப்பட்டால், அயற்பற்கள் அந்த இடைவெளியிற் சாய்கின்றன. கீழிருந்து வருகின்ற பல் வழியின்றிக் கோணி முளைக்கின்றது.

கல்லூரி ஆசிரியருக்கும் பாலர் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். ஆறாம் வகுப்பில் எம்மிடம் வருகின்ற பிள்ளைகள் பதினொரு வயதினர். அவர்களுட் சிலர் பரீட்சை நாளிலே ஒரு கையால் எழுதி, மறுகையாற் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருப்பதை நாம் காண்கின்றோம். எந்தப் பல்லென்று கேட்டால் கீழ்த்தாடையின் பின்புறத்தைக் காட்டுவர். நோவது பெரும்பாலும் ஆறு வயதில் முளைத்த முதலாவது நிலையான கடைவாய்ப்பல்லாகவே இருக்கும். இப்பல் ஏமாற்றுந் தன்மையுடையது. எந்தப் பாற்பல்லும் விழாமல், கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னாலே சத்தமின்றி எழும்பி நிற்கும். ஆதலால் பெற்றோர் அதனையும் பாற்பல்லென்றே கருதுகின்றனர். வாழ்நாள் முழுவதற்கும் உரியவை என்று கிடைத்த இந்த நான்கு பற்களுள் ஒன்றையோ இரண்டையோ ஐந்தாண்டுகளுக்குள் இழந்துவிட்ட பிள்ளைக்கு மீண்டும் ஒன்று முளைக்கப் போவதில்லை. ஆறாம் வயதில் இப்பல் வரும்பொழுது தூரிகையோடு பிள்ளைக்கு ஐந்தரை ஆண்டுப் பழக்கம் இருத்தல் வேண்டுமென்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

சூத்தை எவ்வாறு உண்டாகின்றது என்பதை மாணவர் பாடநூல்களிற் படித்திருப்பர். வாயில் வாழும் பற்றீரியாக்கள் நாம் உண்ணும் சீனியைத் தாமும் உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அவ்வமிலம் மிளிரி எனப்படும் பல்லின் வன்மையான மேற்படையைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த உப்புக்களை மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கின்றது. பகலில் இந்தப் போராட்டம் ஒருவாறு சமநிலையில் நடைபெறும். உறக்கத்திலோ உமிழ்நீர் மிகக் குறைந்துவிடுகின்றது. பாற்பல்லின் மிளிரி நிலையான பல்லினதைவிட மிக மெல்லியது. ஆகவே, சூப்பிப் போத்தலில் சீனி கலந்த பாலை ஊற்றி, குழந்தையின் வாயில் வைத்து உறங்கவிடும் வழக்கத்தைப்போலப் பல்லுக்குத் தீங்கானது வேறில்லை. மேல் முன்பற்கள் நான்கும் இரவு முழுவதும் அந்த இனிப்பில் ஊறிக் கிடக்கின்றன. கீழ் முன்பற்கள் நாக்கின் மறைவில் இருப்பதால் தப்பிவிடுகின்றன. மேற்பற்கள் கறுத்துத் தேய்ந்து, கீழ்ப்பற்கள் வெள்ளையாய் இருக்குங் குழந்தையைக் கண்டால், அதன் இரவுப் போத்தலின் கதையை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்ளலாம்.

தாய்ப்பாலை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாமென்பதே இன்றைய மருத்துவர் துணிபு. பல் முளைத்தபின் படுக்கைக்கு முன்னர் பல்லைத் துப்புரவாக்குவதும், போத்தலைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல் விடுவதுமே வேண்டப்படுவன. இரவில் தாகமென்றால் கொதித்தாறிய நீர் போதும். சூப்பியைத் தேனிலோ பாணியிலோ தோய்த்துக் கொடுப்பதும் கூடாது. ஒரு வயதாகுமுன் தேன் கொடுப்பதில் பல்லுக்கன்றி உயிருக்கே ஆபத்தான நோயொன்றும் வரக்கூடும். மருந்துப் பாணிகளிற் பலவும் சீனி கலந்தவை. இரவில் அவற்றைக் கொடுத்தால் பின்னர் வாயைத் துடைத்துவிடுதல் நன்று.

இனி, செய்யும் முறை. பல் முளைக்குமுன்னரே, குளிக்க வார்க்கும்போது ஈரமான மெல்லிய துணியை விரலிற் சுற்றி முரசைத் துடைத்துப் பழக்கலாம். வாயினுள்ளே கை போவது குழந்தைக்குப் புதுமையாக இராது. பல் எட்டிப் பார்த்ததும், மிருதுவான தும்புகளும் சிறிய தலையும் உடைய தூரிகையை வாங்குதல் வேண்டும். தாயார் இருந்துகொண்டு, குழந்தையின் தலையைத் தன் மடியிற் சாய்த்து, ஒரு விரலால் மேலுதட்டை மெல்ல உயர்த்தினால் பற்கள் முழுவதும் தெரியும். பல்லும் முரசும் கூடுமிடத்திலே தூரிகையைச் சாய்த்துச் சிறுசிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தி உரஞ்சுதல் ஆகாது. காலையில் ஒருமுறை, இரவில் உறங்குமுன் ஒருமுறை. இவ்விரண்டில் ஒன்று தவறித்தான் போகுமென்றால் காலையது தவறட்டும், இரவு தவறக்கூடாது. இரவுத் தீட்டலுக்குப்பின் நீரன்றி வேறெதுவும் வாயினுட் செல்லலாகாது.

உதட்டை உயர்த்தும்பொழுது மேல் முன்பற்களின் முரசோரத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அங்கே சுண்ணாம்புக் கோடுபோல மங்கிய வெண்மை தென்படின் அதுவே சூத்தையின் முதற் குறி. ஓட்டை விழாத அந்நிலையிற் பற்சிகிச்சையாளரிடங் காட்டினால் பல்லைக் காப்பாற்றிவிடலாம். பழுப்பு நிறமாகும்வரை காத்திருப்போர் அந்த நல்ல வாய்ப்பை இழந்துவிடுகின்றனர்.

பற்பசையைப்பற்றி வீடுகளில் இருவிதமான பிழைகளைக் காண்கின்றோம். குழந்தை விழுங்கிவிடுமென்று அஞ்சிப் பசையே போடாதார் ஒரு சாரார். விளம்பரப் படத்திற்போலத் தூரிகையின் நீளத்துக்கு வழியவிடுவார் மறுசாரார். பசையிலுள்ள புளோரைட்டு மிளிரியை வன்மையாக்கி அமிலத்தை எதிர்த்து நிற்கச் செய்கின்றது. பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 1,000 பங்கு புளோரைட்டு உள்ள பசையே பயன்தரும். உறையின்மேல் இது பொறிக்கப்பட்டிருக்கும். மூன்று வயதுவரை ஓர் அரிசிமணி அளவு, அதன்பின் ஆறு வயதுவரை ஒரு பட்டாணிக்கடலை அளவு போதுமானது. அவ்வளவு சிறிது விழுங்கப்பட்டாலும் தீங்கில்லை. மிகுதியாக நாள்தோறும் விழுங்கினால், அப்போது முரசினுள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பற்களில் வெள்ளை அல்லது பழுப்புப் புள்ளிகள் படியும். வடமத்திய மாகாணத்திலும் வறண்ட வலயத்தின் வேறு சில பகுதிகளிலும் கிணற்று நீரிலேயே புளோரைட்டு அதிகம். அங்கு குடியிருப்போர் பசையின் அளவைப் பற்சிகிச்சையாளரிடங் கேட்டறிந்து கொள்ளுதல் நன்று. துப்பப் பழகிய பிள்ளை நுரையைத் துப்பினாற் போதும்; பலமுறை கொப்பளித்தால் புளோரைட்டு முழுவதும் கழுவுண்டு போய்விடும்.

வேப்பங்குச்சியும் உமிக்கரியும் உப்பும் நம் முன்னோரைக் காக்கவில்லையா என்று கேட்பார் உளர். குச்சியை மென்று தும்பாக்கி நிதானமாகப் பல் துலக்கிய முதியோரின் பொறுமையை நாமும் மதிக்கின்றோம். அவர்கள் விசுக்கோத்தும் ரொபியும் நாள் முழுவதும் தின்று வளர்ந்தவர்களல்லர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளையின் மெல்லிய மிளிரியைக் கரியும் உப்பும் அராவிவிடும். குச்சியோ அதன் தொண்டையைக் குத்தும்.

ஒன்றரை வயதென்றதும் தாய்மார் பெருமூச்செறிவது எமக்குத் தெரிகின்றது. அவ்வயதில் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்ளும், தூரிகையைக் கடிக்கும், “நான், நான்” என்று பறிக்கும். அதனிடம் ஒரு தூரிகையைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றைத் தாயார் வைத்துக்கொள்வது நல்ல உபாயம். பிள்ளை தன் முறை முடிந்தபின், “இனி அம்மாவின்ரை முறை” என்று தொடரலாம். தகப்பனார் பல் தீட்டும்போது பிள்ளையையும் கிணற்றடிக்குக் கூட்டிச்சென்றால், பார்த்ததைச் செய்யும் ஆசை தானே பிறக்கும். ஒரு சிறு பாட்டைப் பாடி, பாட்டு முடியத் தூரிகையை எடுத்துவிடுவதென்று வழக்கமாக்கினால், துன்பத்துக்கு ஒரு முடிவுண்டு என்பது பிள்ளைக்கு விளங்கும். சில இரவுகளில் அழத்தான் செய்யும். அழும் வாய் திறந்த வாயாதலின், அன்று பின்பற்களும் துப்புரவாகின்றன என்று ஆறுதலடையலாம். தண்டித்துச் செய்தலும், மறுத்தால் விட்டுவிடுதலும் ஒருபோலத் தீயன. முகங் கழுவுவதற்குப் பிள்ளையின் சம்மதத்தை நாம் கேட்பதில்லை, இதுவும் அத்தகையதே.

மூன்று வயதில் “தானே தீட்டுகின்றான்” என்று பெருமையாகக் கையை விட்டுவிடுவோர் பலர். தன் பெயரைக் கோடு தவறாமல் எழுத இயலாத விரல்கள் பின்பற்களின் இடுக்கைத் துலக்கமாட்டா. ஏழெட்டு வயதுவரை இரவுத் தீட்டலைப் பெரியவர் ஒருவர் முடித்து வைத்தல் வேண்டும்.

பல் முளைக்கும் மாதங்களில் முரசு தினவெடுக்கும், எச்சில் வடியும், குழந்தை சிணுங்கும். கடுமையான காய்ச்சலும் வயிற்றோட்டமும் பல்லினால் வருவன அல்ல. தவழ்ந்து கண்டதை வாயில் வைக்கும் வயதும் அதுவே ஆதலால் இரண்டும் ஒருங்கே வருகின்றன. “பல்லுக் காய்ச்சல்” என்று வீட்டிலே வைத்திருக்காமல் வைத்தியரிடங் கொண்டுசெல்க.

பற்சிகிச்சையாளரிடம் முதன்முறை செல்லுதற்கு உகந்த காலம் முதலாம் பிறந்தநாளை ஒட்டியது. நியூசிலாந்தில் 1921ஆம் ஆண்டில் தொடங்கிய பாடசாலைப் பற்சேவையை முன்மாதிரியாகக் கொண்டு, நம் நாட்டிலும் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளிலும் பற்களைக் காட்டுவதற்குக் கட்டணமில்லை. நோவில்லாத நாளொன்றிலே, தாயின் மடியிலிருந்தபடியே அந்த நாற்காலியையும் விளக்கையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அடுத்தமுறை அச்சம் குறைவு. குழப்படி செய்தால் பல்லுப் பிடுங்க விடுவேன் என்று இடைக்காலத்தில் யாரும் வெருட்டாதிருப்பார்களாக.