பூமி ஆடினால் பில்லர் தாங்குமா? மாடி கட்டுவோரே, உஷார்!

ஆலங்காயம்:

2021 நவம்பர் 29. அதிகாலை மணி 4.17. எல்லோரும் அயர்ந்து தூங்கும் நேரம். பூமி குலுங்கியது!

வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டரில் மையம். அளவு 3.6. டிசம்பரிலும் மறுபடி ஆட்டம். பெரிய விபரீதம் இல்லை. நாமும் மறந்துவிட்டு மாடி மேல் மாடி கட்டுகிறோம்.

கடைவீதியில் ஒரு நடை நடந்து பாருங்கள். மேலே இரண்டு, மூன்று மாடி வீடு. கீழே கடைக்கு ஷட்டர், இல்லையென்றால் வண்டி நிறுத்தும் இடம். கீழ்த்தளத்தில் சுவர் இருக்காது. பில்லர்தான். மேலே உள்ள மொத்த பாரமும் ஒல்லிக் கால்களில் நிற்கிறது.

குஜராத் சொன்ன பாடம்

2001 ஜனவரி 26. புஜ் பூகம்பம். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைத் திறந்து விட்ட கட்டிடங்கள் அதில் பல. கீழே பில்லர் முறிந்தது. மேல்மாடி அப்படியே உட்கார்ந்தது.

அவ்வளவு பெரிய பூகம்பம் இங்கே வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் 2002-ல் வந்த வரைபடத்திலேயே வேலூரை 3-வது மண்டலத்தில் வைத்தார்கள். சும்மாவா வைத்தார்கள்?

வழி இருக்கிறது

அதற்குப் பெயர் 'ஷியர் வால்'. அஸ்திவாரத்தில் ஆரம்பித்து உச்சி மாடி வரை விடாமல் போகும் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர். கனம் 6 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பக்கவாட்டில் வரும் ஆட்டத்தை இது வாங்கிக்கொள்ளும். செங்கல் சுவர் இதற்கு ஈடாகாது.

கீழ்த்தளம் திறந்த கட்டிடத்துக்கு 2016 விதி ஒன்று இருக்கிறது. 3-வது மண்டலமும் அதற்கு மேலும் என்றால், தளப் பரப்பில் 2 சதவீதம் இந்தச் சுவர் வேண்டும். நீளவாக்கில் ஒரு 2, அகலவாக்கில் ஒரு 2. ஆயிரம் சதுர அடி கட்டிடத்தில் 6 அங்குலச் சுவர் என்றால் ஒவ்வொரு வாக்கிலும் 40 அடி!

"அப்புறம் ஷட்டரை எங்கே வைப்பது?" என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். கடைக்கும் கடைக்கும் நடுவே போடலாம். பின்பக்கம் போடலாம். ஆனால் பின்பக்கம் மட்டும் போட்டால் ஆட்டத்தில் கட்டிடம் முறுக்கிக்கொள்ளும். முன்பக்கமும் மாடிப்படி ஓரமாகக் கொஞ்சம் வேண்டும். இதை மேஸ்திரி கண்ணளவில் முடிவு செய்ய முடியாது. இன்ஜினீயர் கணக்குப் போட வேண்டும்.

செலவு கூடும். வாடகைக்கு விடும் இடமும் கொஞ்சம் குறையும். உண்மை. ஆனால் மாடியில் தூங்குவது யார்? நம்ம பெண்டாட்டி பிள்ளைகள்தானே!

பிளான் பாஸ் செய்யும் அதிகாரிகளே! எத்தனை மாடி என்று பார்ப்பதோடு, கீழே சுவர் எங்கே என்றும் கேளுங்கள். ஏற்கெனவே கட்டி முடித்தவர்களும் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பில்லருக்கு நடுவே சுவர் சேர்க்க வழி உண்டு.

அடுத்த ஆட்டம் தேதி சொல்லிவிட்டு வராது!