நிறுத்துக் கட்டுவதோடு முடிகிற வேலையா?

சீன மரபு மருத்துவமனைகளில் மருந்தாளுநருக்குக் கூடுதல் பொறுப்பு தரவேண்டும் என்றதும் ஒரு மறுப்பு எழுகிறது. நாடி பிடித்து, நாக்கின் நிறம் பார்த்து, அந்த ஒரு நோயாளிக்கென்றே மருத்துவர் சேர்மானம் வகுக்கிறார். நோயாளியைப் பார்த்திராத ஒருவர் அதைக் கேள்வி கேட்கலாமா, சீட்டில் உள்ளதை நிறுத்துக் கட்டித் தருவதோடு அவர் வேலை முடிந்துவிடாதா என்பார்கள். மருத்துவரின் அறிவுக்குத் தரும் மரியாதையாக இது தோன்றலாம். உண்மையில் இது நோயாளிக்கு இருக்கும் ஒரு காவலைப் பறிக்கிறது.

சேர்மானம் ஆளுக்கு ஆள் மாறுவது மெய். அதனாலேயே சரிபார்ப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. பத்துப் பதினைந்து சரக்குகள் கொண்ட ஒரு சீட்டு அன்றுதான் முதன்முதலாகப் பிறக்கிறது. அதே வடிவில் அதை முன்பு யாரும் சோதித்ததில்லை. ஃபூசி என்ற கிழங்கை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் நாபியின் இனம். சீன மருந்தியல் நூல் இதற்கு 3 முதல் 15 கிராம் வரை அளவு சொல்கிறது. இதிலுள்ள அகோனிட்டின் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். நெடுநேரம் கொதித்தால்தான் சிதைந்து வீரியம் குறையும். ஆகவே ஃபூசியைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, ‘முதலில் கொதிக்க வைக்கவும்’ என்று எழுதித் தருகிறார்கள். வாசனை எண்ணெய் ஆவியாகிவிடாமல் இருக்கப் புதினாவைக் கஷாயம் இறக்குவதற்குச் சற்று முன் போடுகிறார்கள். இந்தக் குறிப்பை எழுத மருத்துவர் மறந்துவிட்டால், கஷாய அறைக்குப் போகும் முன் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் மருந்தாளுநர்தான்.

பழைய வைத்தியர்கள் மருந்தாளுநரின் துணை இல்லாமலா குணப்படுத்தினார்கள் என்பது அடுத்த கேள்வி. அவர்களில் பலர் சரக்கைத் தாங்களே பார்த்து வாங்கி, சுத்தி செய்து, இடித்துக் கொடுத்தவர்கள். இரண்டு வேலையும் ஒரே கையில் இருந்தது. இன்றைய மருத்துவமனையில் மருத்துவர் எழுதுவது ஒரு பெயர் மட்டுமே. பெட்டியில் இருப்பது எந்தச் செடி, எந்தப் பக்குவம் என்பது அவர் கண்ணில் படுவதில்லை. இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதைச் சீனாவுக்கு வெளியே பிரசெல்ஸ் காட்டியது. 1990களின் தொடக்கத்தில், அங்கே உடல் மெலிவதற்கான மாத்திரைகளில் ஸ்டெஃபானியா வேருக்குப் பதிலாக, ‘ஃபாங்ஜி’ என்ற பெயரைப் பகிர்ந்துகொள்ளும் அரிஸ்டோலோக்கியா வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. எழுதிய மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் மேசையில் இருந்தபடி இதைத் தடுத்திருக்க முடியாது. சரக்கை அடையாளம் காணத் தெரிந்தவர் வேண்டும்; அவர் சொல்லுக்கு மருத்துவரிடம் மதிப்பும் வேண்டும்.

வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. சிச்சுவானில் வேரூன்றிய ஒரு மரபினர் ஃபூசியை நூலளவுக்கு மேல் எழுதியே பெயர் பெற்றவர்கள். விதிப்புத்தகத்தைக் காட்டி அவர்களைத் தடுத்தால் மருத்துவக் கலையே முடங்கிவிடாதா? நியாயமான அச்சம்தான். ஆனால் மருத்துவமனை மூலிகைச் சரக்கு பற்றிய 2007ஆம் ஆண்டின் சீன விதிகள் அப்படித் தடுக்கவில்லை. அளவு மீறினாலோ, ஒன்றுக்கொன்று ஆகாதவை என மரபே விலக்கிய ‘பதினெட்டு முரண்கள்’ சீட்டில் சேர்ந்து வந்தாலோ, மருத்துவர் மீண்டும் கையெழுத்திட்டு உறுதி செய்யவேண்டும் அல்லது மாற்றி எழுதவேண்டும் என்கின்றன. முடிவு மருத்துவருடையதாகவே இருக்கிறது. தெரிந்தே எழுதினாரா, கை தவறி எழுதினாரா என்பது மட்டும் தெளிவாகிறது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் பெரிய மருத்துவரும் தயங்கவேண்டியதில்லை.

நோயாளியைப் பார்க்காதவர் என்ற குறைக்கும் மருந்தாளுநரை விலக்கிவைப்பது தீர்வாகாது. வார்டுக்கு அழைத்துப்போவதே தீர்வு. இன்று இம்மருத்துவமனைகளில் படுத்திருப்பவர்களில் பலர் கஷாயத்தோடு ஆங்கில மருந்தும் சாப்பிடுகிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கும் ஒருவருக்கு, இரத்த ஓட்டத்துக்கென்று தான்ஷென் வேரும் எழுதப்பட்டால் வார்ஃபரினின் வேகம் ஏறி இரத்தக்கசிவு வரை போகலாம். இரண்டு மருந்துகளும் வெவ்வேறு சீட்டில் இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒருவர் அந்தக் கட்டிலருகே நிற்கவேண்டும்.