உடல் நிறை குறைப்பு: சரக்கா? சிகிச்சையா?

நமது பகுதி வியாபாரிகள் சரக்கு வாங்குவதில் கெட்டிக்காரர்கள். மருதமுனைச் சாரன் என்றால் விரித்து நூலைத் தடவிப் பார்ப்பார்கள். அரிசி மூடை என்றால் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார்கள். பற்றுச்சீட்டு இல்லாத சரக்கைக் கடைக்குள் ஏற்றவும் யோசிப்பார்கள். ஆனால் ‘ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறையும்’ என்று எழுதிய டின்னைக் கண்டால் மட்டும் விலையைத் தவிர வேறெதையும் நாம் கேட்பதில்லை.

வாங்குபவரைக் குறை சொல்லுமுன் விற்பவரைச் சொல்ல வேண்டும். அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். சில வருடங்களுக்கு முன் தெரிந்த ஒருவர் ‘விற்ற பிறகு காசு தந்தால் போதும்’ என்று மூலிகைத் தூள் டின்கள் கொஞ்சத்தை என் கடையில் வைத்துவிட்டுப் போனார். சீனி, பருப்பில் கிடைக்காத இலாபம் அதில் இருந்தது. டின்னில் தயாரித்தவரின் முகவரி இல்லை, பதிவிலக்கமும் இல்லை. மூலிகைதானே என்று விட்டுவிட்டேன்.

வழக்கமாக வரும் ஒரு ராத்தா அதை வாங்கினார். ஏற்கனவே பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர். இரண்டு வாரத்தில் நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையுமாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார். அவருடைய மகன் டின்னோடு கடைக்கு வந்தான். “காக்கா, இதுக்குள்ள என்ன இருக்கெண்டு டொக்டர் கேக்கிறாரு” என்றான். என்னிடம் பதில் இருக்கவில்லை. ராத்தா சுகமாகி வீடு திரும்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தூளில் என்ன இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மருந்தின் கதை

சிபுட்ரமைன் என்றொரு மாத்திரை இருந்தது. பசியை அடக்கி நிறையைக் குறைக்கும் என்று 1997இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. பின்னர் சுமார் 10,000 பேரை வைத்துச் செய்யப்பட்ட பெரிய ஆய்வில், இதய நோய் ஆபத்து உள்ளவர்களுக்கு அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரியவந்தது. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. 2011இல் இந்தியாவும் தடை செய்தது. ஆனால் அதன் பிறகும், ‘மூலிகை’ என்ற பெயரில் விற்கப்பட்ட நிறை குறைப்புத் தூள்களிலும் மாத்திரைகளிலும் இதே மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளின் பரிசோதனைகளில் மீண்டும் மீண்டும் பிடிபட்டது.

நமது நாட்டில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தலில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. ஒரு சோடாப் போத்தலே உள்ளே இருப்பதைச் சொல்லித்தான் விற்பனைக்கு வருகிறது. அப்படியிருக்க, இரத்தத்தில் கலக்கும் தூள் எதையும் சொல்லாமல் விற்கப்படலாமா?

அடுத்து வருவது ஊசி

இன்று உலகச் சந்தையைக் கலக்குவது செமாகுளுட்டைட் போன்ற ஊசி மருந்துகள். ஒசெம்பிக், வீகோவி ஆகியவற்றைத் தயாரிக்கும் நோவோ நோர்டிஸ்க் கம்பனியின் பங்குப் பெறுமதி, 2023இல் அதன் தாய்நாடான டென்மார்க்கின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியையே விஞ்சியது. இந்தியாவில் மவுன்ஜாரோ, வீகோவி இரண்டும் 2025இல் விற்பனைக்கு வந்தன. சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்வருவோர் நம் ஊரில் ஏராளம். துணியோடும் அத்தரோடும் இந்த ஊசியும் சூட்கேசில் வந்து இறங்க எவ்வளவு நேரமாகும்?

மருந்து மோசமானது என்று நான் சொல்ல வரவில்லை. 2021இல் வெளியான ஆய்வில், உணவு ஒழுங்குடன் 68 வாரங்கள் செமாகுளுட்டைட் எடுத்தவர்கள் சராசரியாக 15 சதவீத நிறையை இழந்தார்கள். 90 கிலோ உள்ளவருக்கு இது பதின்மூன்று கிலோவுக்கும் மேல். ஆனால் ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. வாந்தி, பித்தப்பைக் கல், சிலருக்குக் கணைய அழற்சி என்று பக்க விளைவுகளும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பாவனைக்கு எடுக்கும் வரை 2 முதல் 8 பாகை குளிரில் வைக்க வேண்டும். 2024 ஜூனில் போலி செமாகுளுட்டைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. யாருக்கு, எந்த அளவு, எவ்வளவு காலம் என்று தீர்மானிக்கக் கடை முதலாளியால் முடியுமா?

வைத்தியர் போடும் கணக்கு

நல்ல வைத்தியர் முதலில் மருந்து எழுதமாட்டார். நம் கணக்காளர் ஐந்தொகை தயாரிப்பதுபோல் இருப்பு எடுப்பார். உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, சீனி, கொலஸ்ட்ரோல், தைரொயிட் எல்லாம் பார்ப்பார். வேறு நோய்க்கு எடுக்கும் மாத்திரை நிறையைக் கூட்டுகிறதா என்றும் விசாரிப்பார். ஆசிய நாட்டவருக்கு ஆபத்து குறைந்த நிறையிலேயே தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சுட்டிக்காட்டினர். அக்கணக்குப்படி 165 சென்றிமீற்றர் உயரமானவருக்குச் சுமார் 63 கிலோவில் எச்சரிக்கை, 75 கிலோவில் கடும் ஆபத்து. காசுமேசையில் காலை முதல் இஷா வரை உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேர் 75ஐத் தாண்டவில்லை?

இலக்கும் பெரிதல்ல. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்தவர்களுக்கு 7 சதவீத நிறைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட நடையுமே இலக்காகக் கொடுக்கப்பட்டன. அவர்களில் நோய்க்கு ஆளாவோர் 58 சதவீதம் குறைந்தனர். 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோதான். இதற்குத் தூளும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

ஏற்கனவே சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்குக் கண்காணிப்பு இன்னும் அவசியம். நிறை குறையக் குறைய மாத்திரை, இன்சுலின் அளவையும் குறைக்க வேண்டிவரும். இல்லாவிட்டால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும். நோன்பு காலத்தில் நிறை குறைக்க எண்ணுபவர் நோன்புக்கு முன்பே டொக்டரைக் காண்பது நல்லது.

செலவு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் கிளினிக் இலவசம். நிறையும் சீனியும் பிரஷரும் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைச் சுகாதார அமைச்சு 2011 முதல் நாடெங்கும் நடத்தி வருகிறது. நாம் போவதில்லை, அவ்வளவுதான். அரை நாள் கடையை மூட மனமில்லாமல், ஆயிரக்கணக்கில் கொடுத்து டின் வாங்குகிறோம்.

வர்த்தக சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்துகளுக்கென்று 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குமுறை அதிகாரசபையும் இருக்கின்றன. பதிவில்லாத எதையும் ‘நிறை குறைக்கும்’ என்று கடையில் வைக்காதீர்கள். வைத்தியரின் துண்டு இல்லாமல் ஊசி கொண்டுவந்து தரச் சொல்பவருக்கு முகம் பார்க்காமல் இல்லை என்று சொல்லுங்கள்.

டின் இருந்த தட்டில் நான் இப்போது தேயிலைப் பக்கட் அடுக்கியிருக்கிறேன். இலாபம் குறைவுதான். ஆனால் இதற்குள் என்ன இருக்கிறது என்று யாராவது வந்து கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது.