பொன்னாடை இருக்கட்டும், விளக்கை அணையுங்க சார்!

சென்னையில் 1988 முதல் ஒரு மாணவர் கூட்டம், முட்டையிடும் சீசன் வந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க மணலில் நடக்கிறது. பங்குனி ஆமை இட்ட முட்டைகளை (ஒரு குழியில் நூறுக்கு மேல்!) பத்திரமாக எடுத்து, பொரிப்பகத்தில் புதைத்து, ஒன்றரை மாதம் காவல் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சம்பளமா? மூச்!

இப்படிப் பல வருஷம் உழைத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தலாம், தப்பில்லை. ஆனால் அதே ராத்திரி கரையோர விளக்குகள் பளிச்சென்று எரிந்தால்? குஞ்சு அந்த வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுக்குப் போகும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாதே! முதலில் அந்த வலையைக் கரைப்பக்கம் வராமல் தடுங்கள். ஷீல்டு அப்புறம் கொடுக்கலாம்.