உறங்காதார் உழைப்பு

உறக்கம் என்றவுடன் சோம்பலை நினைப்பது நம்மவர் வழக்கம். மடியின்மை அதிகாரத்துள் வள்ளுவனாரும் துயிலைக் கெடுவார் விரும்பியேறும் மரக்கலங்களுள் ஒன்றாக வைத்தனர். ஆயின் அப்பெருந்தகையார் கடிந்தது, வயிறார உண்டு வாளாகிடப்பான் துயிலையேயன்றி, இராமுழுதும் விழித்து விடிந்தபின் மண்வெட்டி எடுப்பான் உறக்கத்தை அன்று என்பது எம் கருத்து. கள்ளக்குறிச்சிச் சீமையில் அத்தகையோர் பலர் உளர்.

கல்வராயன் மலையை முதற்கண் நோக்குவோம். வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிற் சாமையும் மரவள்ளியும் விளையும் கொல்லைகளுக்குப் பெரும்பகை காட்டுப்பன்றி. அது வருவது இரவில். ஒரு கூட்டம் ஓரிரவு புகுந்து கிழங்கைக் கிண்டிவிடின், பல திங்கள் உழைப்புப் பாழாம். ஆதலின் காவல் இன்றியமையாதது. திருக்கோவலூரிற் பெண்ணையாற்றிடை நிற்கும் கபிலர் குன்றைக் காணச் செல்லும் மாணவர், குறிஞ்சி பாடிய பெரும்புலவர் உயிர்நீத்த இடம் இஃது என வழிவழி வரும் செய்தியைக் கேட்டு உருகுவர். அக்குறிஞ்சித் திணையிற் பகலிற் கிளிகடியும் மகளிரையே நாம் பெரிதும் நெட்டுருச் செய்கின்றோம். இரவிற் பரண்மீதிருந்து தீக்கொள்ளி வீசும் கானவனைப் பற்றித் தேர்விலும் எவரும் வினவுவதில்லை! விடிந்தால் அவனுக்கும் உழவு உண்டு.

மலையடிவாரத்து உழவனுக்குப் பன்றியின் இடத்தில் மின்சாரம் நிற்கின்றது. மும்முனை மின்சாரம் முறைவைத்து இரவில் விடப்படும் நாளில், அவன் நள்ளிரவில் எழுந்து கிணற்றடிக்கு ஓடி, மோட்டாரை முடுக்கி, இருளிற் பாம்புக்கு அஞ்சி மடைமாற்றி நிற்கவேண்டும். விலையின்றிக் கிடைக்கும் மின்சாரம் என்பர். உறக்கத்தை விலையாகக் கொடுத்தது கணக்கில் ஏறவில்லை போலும்.

கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அரைவைக் காலத்தில் இரவும் பகலும் ஓடுவன. வெட்டிய கரும்பு காத்திருப்பின் சர்க்கரைச் சத்துக் குன்றுமாதலின், இதனைக் குறைகூறல் தகாது. எனினும் முறைமாற்றம் காலையினின்று மாலைக்கும், மாலையினின்று இரவுக்குமாக முன்னோக்கிச் செல்லின், உடல் அதனை ஒருவாறு தாங்கும். பின்னோக்கிச் செல்லின் தாங்குவதரிது. இதற்குக் காசு செலவில்லை.

இனி, உறக்கமின்மை யாது செய்யும்? 1997-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் டாசனும் ரீடும் ஆய்ந்தபோது, 17 மணி நேரம் விழித்திருந்தவர், கண்ணும் கையும் இயைந்து செய்யும் செயலில், குருதியில் நூற்றுக்கு 0.05 பங்கு மது ஏறியவரை ஒத்துத் தடுமாறினர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு இட்ட எல்லையோ 100 மில்லிலிட்டர் குருதிக்கு 30 மில்லிகிராம், அஃதாவது 0.03 பங்கே. உளுந்தூர்ப்பேட்டையினின்று சேலத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலம் லாரி ஓட்டுவான் ஒருவன், ஒரு துளியும் அருந்தாமலே அவ்வெல்லையைக் கடந்தவனுக்கு ஒப்பாதல் கூடும். குடித்தவனைக் கண்டறிய ஊதுகருவி உண்டு. இவனைக் கண்டறிய யாதுளது?

மதுவைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். 2024 ஜூன் திங்களிற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் கூலியாட்கள். உடல்வலி மறந்து உறங்கவே குடிக்கின்றோம் என்பது உழைப்பாளர் பலர் வாயில் நாம் கேட்கும் சொல். மது கண்ணை மூடுவிப்பது மெய். பின்னிரவில் உறக்கத்தைத் துண்டு துண்டாக அறுப்பதும் அதுவே. மதுவிலக்குப் பேசும் மேடைகளில் இதனை ஒருவரும் எடுத்தோதக் கேட்டிலேம்.

பன்றிக்கு வேலியும், அழிந்த பயிர்க்குக் காலந்தாழாத ஈட்டுத்தொகையும் மலைமக்களுக்கு வேண்டும். உழவர்க்குப் பகலிலே மின்சாரம் வேண்டும். 2019-இல் தொடங்கிய குசும் திட்டம் சூரிய ஒளியால் இயங்கும் இறைப்புப் பொறிகளுக்கு மானியம் வழங்குகின்றது. கதிரவன் மறைந்தபின் அப்பொறி ஓடாது என்று குறைசொல்வாரும் உளர். எமக்கோ அதுவே அதன் முதற்சிறப்பாகத் தோன்றுகின்றது.